சத்தம் போடாத டிஸ்க்

அந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகனுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. பேச்சும் கிடையாது.

மருமகனுக்குக் கண் தெரியாது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில் மாமியார் அவரோடு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் மருமகன் வெளியே கிளம்பும்போது, எல்லோரிடமும் சொல்வதுபோல, “பாத்துப் போங்க மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டார். சொல்லி வாய் மூடவில்லை, பாதி திறந்து கிடந்த கதவில் மருமகன் நெற்றியை இடித்துக்கொண்டார். பெரிய அடி இல்லை. தடவிக்கொண்டு சிரித்தபடியே போய்விட்டார். மாமியாருக்குத்தான் உடம்பெல்லாம் கூசிவிட்டது. கண் தெரியாத மனுஷனிடம் போய்ப் பார்த்துப் போகச் சொன்னோமே என்று அன்று முழுவதும் தலையில் அடித்துக்கொண்டார்.

இனிமேல் ‘பார்’ என்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் எதிரில் சொல்வதில்லை என்று முடிவுகட்டினார். அப்புறம்தான் தெரிந்தது, அது இல்லாமல் வாயைத் திறக்கவே முடியாது என்று. சாப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்ல முடியாது. போன் பண்ணிப் பாருங்கள் என்று சொல்ல முடியாது. எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று விசாரிக்க முடியாது. போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று ஒரு பேச்சை முடித்துவைக்கக்கூட வழியில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வாக்கியம் நடுவழியில் நின்றுவிடும். “அந்தச் சட்டையைப் போட்டுப்…” என்று ஆரம்பித்து, “போட்டு… போடுங்க” என்று முடியும். கொஞ்ச காலம் இப்படித் திணறிவிட்டு, பேசாமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டார்.

அதன்பிறகு எல்லாமே மகள் வழியாகத்தான். மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். “மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமான்னு கேளு” என்பார் மாமியார். மகள் வாயைத் திறக்கும் முன்பே, “போதும்னு சொல்லு” என்பார் மருமகன். மகளுக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

மருமகன் இதற்கு வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தார். சொந்த வீடு இல்லாமல், மனைவி வீட்டோடு வந்து உட்கார்ந்துகொண்ட மாப்பிள்ளையை எந்த மாமியாருக்குத்தான் பிடிக்கும்? மரியாதைக்காகச் சகித்துக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதனால் அவரும் தன் அறையைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை.

அந்த அறையில்தான் அவருடைய வேலையும் நடந்தது. அலுவலகங்களில் நடக்கும் விசாரணைகளையும் கூட்டங்களையும் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். மேஜைக்கு அடியில் தையல் மெஷின் மாதிரி ஒரு பெடல் இருந்தது. மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போகும். காதில் ஹெட்போன், விரல்கள் கீபோர்டில், கால் பெடலில். அப்படி உட்கார்ந்துவிட்டால் வீடு இடிந்து விழுந்தாலும் அவருக்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. ஸ்கிரீனில் இருப்பதையெல்லாம் வாசித்துச் சொல்லும் ஒரு குரல் அதில் இருந்தது. அந்தக் குரலை மற்றவர்களுக்குப் புரியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பது அவருக்குப் பழக்கம். ஸ்கிரீன் என்று ஒன்று மேஜையில் கிடையாது. இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா நிற்கிறதே என்று அதை என்றைக்கோ யாருக்கோ கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, குரல் போக, உள்ளே சுற்றும் ஹார்ட் டிஸ்கின் சத்தமே போதும். பெரிய பதிவைத் திறந்தால் அரிசி களைகிற மாதிரி ஒரு சத்தம் வரும். எழுதியதைச் சேமித்தால் சின்னதாக ஒரு கரகரப்பு. ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது மெல்லிய ரீங்காரம்.

ஒருநாள் அந்த ரீங்காரத்துக்கு நடுவே புதிதாக ஒரு சத்தம் கேட்டது. யாரோ நாக்கைத் தட்டி ‘ச்சு’க் கொட்டுகிற மாதிரி. நின்று, மறுபடியும் கேட்டது.

“டிஸ்க் போகப்போகுது” என்றார் மனைவியிடம்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“உனக்குக் கேக்கற அன்னைக்கு அது போயே போயிருக்கும்.”

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் சீக்கிரம் முடிவுசெய்து பழகியவள். “இந்தப் பெட்டியைக் கட்டி அழறதுக்குப் புதுசா ஒரு லேப்டாப் வாங்கிடலாங்க” என்றாள்.

“பெடல் வயரைச் சொருக புதுசுல ஓட்டையே கிடையாது. இந்தக் குரலும் அதுல ஓடாது. வேற பெடல், வேற குரல்னு மறுபடி முதல்லேர்ந்து பழகணும். இப்பத்தான் இந்த ஆபீஸ்காரங்க நம்பி எல்லா வேலையும் அனுப்ப ஆரம்பிச்சிருக்காங்க. இப்பப் போய்த் தடுமாறினா வேற ஆள் கிட்டப் போயிடுவாங்க.”

“சரி, அப்ப என்னதான் பண்ணப் போறீங்க?”

“டிஸ்கை மட்டும் மாத்தப்போறேன்.”

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “சார், அதுக்கெல்லாம் ஆயுசு முடிஞ்சு போச்சு. திறந்தீங்கன்னா உள்ளதும் போயிடும்” என்றார். மருமகன் அசையாமல் நிற்கவே, புது மாதிரி டிஸ்க் ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். சீட்டுக்கட்டைவிட மெல்லிசு, எடையே இல்லை. உள்ளே சுற்றுவதற்கு எதுவும் கிடையாது என்றார். பழைய டிஸ்க் இருந்த பெரிய இடத்தில் இதை உட்காரவைக்க ஒரு தகரச் சட்டமும், பழையதில் இருப்பதைப் புதியதில் நகல் எடுக்க ஒரு வயரும் கொடுத்தார். “சத்தமே வராது சார். ஓடுதா இல்லையான்னே தெரியாது” என்று அதைப் பெரிய நல்ல செய்தியாகச் சொன்னார். மருமகனுக்கு அது அவ்வளவு நல்ல செய்தியாகப் படவில்லை.

நகல் எடுப்பது சிரமமாக இல்லை. வயரில் புது டிஸ்கை மாட்டி வேலையைத் தொடங்கிவிட்டார். எத்தனை சதவீதம் ஆயிற்று என்று குரல் அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தது. பழைய டிஸ்க் நடுநடுவே ‘ச்சு’க் கொட்டும். அப்போதெல்லாம் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். உடம்பு சரியில்லாத ஆளை மாடிப்படி ஏறவைக்கிற மாதிரி இருந்தது. எப்படியோ ஏறி முடித்தது. நகல் முழுமையாக வந்துவிட்டது என்று குரல் சொன்னபோது, பழைய டிஸ்க் இருந்த பக்கமாகப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் மனைவி வேலைக்குப் போனபிறகு பிரிக்க உட்கார்ந்தார். பின்னாலிருந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பக்கத் தகடைக் கழற்றினார். தூசி முகத்தில் அடித்தது. அங்கே இருப்பதெல்லாம் அவர் விரல்களுக்குத் தெரிந்த இடம்தான். மின்விசிறி, நினைவகப் பலகை, கொத்தாகத் தொங்கும் வயர்கள். பழைய டிஸ்கின் இரண்டு வயர்களையும் விடுவித்து, திருகுகளைக் கழற்றி வெளியே எடுத்தார். தகரச் சட்டத்தில் புதியதைப் பொருத்தி, அதே இடத்தில் திருகினார். வயர்களின் முனையில் ஒரு பக்கம் மட்டும் சின்னதாக மடங்கியிருக்கும். அதை விரல் நுனியால் தடவி, திசை தெரிந்துகொண்டு சொருகினார். எல்லாம் கச்சிதமாகப் போய்க்கொண்டிருந்தது.

பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. ‘பீப்’ என்று வழக்கமான ஒரு ஒலி. அப்புறம் ஒன்றுமே இல்லை.

காத்திருந்தார். வழக்கமாக இந்நேரம் அரிசி களைகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்காது என்பது தெரிந்ததுதான். ஆனால் நல்லபடியாக ஓடும்போதும் சத்தம் வராது, செத்துக் கிடந்தாலும் சத்தம் வராது என்றால் எதை வைத்து முடிவுசெய்வது? குரல் வருமா என்று ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் ‘பீப்’, மறுபடியும் அமைதி.

ஸ்கிரீன் இருந்தால் அதில் ஏதாவது எழுதியிருக்கும். ஸ்கிரீன் இல்லை. மனைவிக்கு போன் போட்டார். பரிசோதனைக் கூடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அது பூட்டிய பெட்டிக்குள் அடித்து ஓய்ந்தது. வீட்டில் ஸ்கிரீன் என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது மாமியார் அறையில் இருக்கும் டிவி.

கதவோரம் போய் நின்றார். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமியாருக்கு அதுதான் தொழில். பக்கத்து விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் துணிகளைப் பிடித்துக் கொடுப்பார், அளவு மாற்றுவார், துணி மாறிப்போகாமல் இருக்க காலரில் அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளைத் தைத்துக் கொடுப்பார்.

“அத்தை” என்றார் மருமகன்.

மெஷின் நின்றது.

“உங்க டிவி கொஞ்ச நேரம் வேணும். கம்ப்யூட்டரை அதுல மாட்டணும்.”

பதிலைச் சொல்லியனுப்ப மகள் அங்கே இல்லை. மாமியார் எழுந்து டிவி மேஜைமேல் மடித்து வைத்திருந்த துணிகளையெல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தச் சத்தத்தையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, மருமகன் பெட்டியைத் தூக்கிவந்தார். கீபோர்டு, ஒரு சின்ன ஸ்பீக்கர், டிவிக்கான வயர். டிவியின் பின்புறத்தைத் தடவி வயரைச் சொருகினார். பொத்தானை அழுத்தினார்.

“ஏதோ எழுத்து வந்திருக்கு” என்றார் மாமியார். பல நாளைக்குப் பிறகு அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இருவரும் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

மருமகன் போனை எடுத்து டிவிக்கு நேராக நீட்டினார். எழுத்தைப் படம்பிடித்து வாசிக்கும் ஒரு வசதி அதில் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் டிவி கண்ணாடியில் பட்டுத் தெறித்ததில் அது தண்ணி போட்டவன் மாதிரி உளறியது. போனைக் கீழே வைத்தார்.

“அத்தை, என்ன எழுதியிருக்குன்னு வாசிக்க முடியுமா?”

“இங்கிலீஷ்ல இருக்கு. எனக்கு எழுத்துதான் தெரியும். வார்த்தை தெரியாது.”

“எழுத்து போதும். ஒண்ணொண்ணா சொல்லுங்க.”

மாமியார் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு டிவிக்குக் கிட்டத்தில் போனார். பெரிய எழுத்துகளெல்லாம் அவருக்கு அத்துபடி, தினமும் காலரில் தைப்பவைதானே. சின்ன எழுத்துகளில்தான் தடுமாற்றம் வந்தது.

“முதல்ல பி. பெரிசு. அப்புறம்… கம்பு நட்டு மேல ஒரு கிளை வளைஞ்ச மாதிரி.”

“ஆர்.”

“ஈ. அப்புறம் பாம்பு, இன்னொரு பாம்பு.”

“எஸ், எஸ். ப்ரெஸ்! அடுத்தது?”

“எஃப். பக்கத்துல ஒண்ணு.”

மருமகன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை மங்கிப்போகும்வரை அவரும் எழுத்துகளைக் கண்ணால் படித்தவர்தான். எழுத்துக்கு ஒரு உருவம் உண்டு என்பதையே அவர் மறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. இப்போது கிளை வளைந்த கம்பும் பாம்புகளும் ஒவ்வொன்றாக வந்து மனதுக்குள் வரிசையில் நின்றன.

“மேல இருக்கற வரியில என்ன?”

“டி. அப்புறம் வயித்துல கோடு போட்ட… இல்ல, அது அடுத்தது. ஒரு உருண்டை, பக்கத்துல குட்டிக் கம்பு. அப்புறம் சிலுவை மாதிரி. அப்புறம் ஈ.”

“டேட். தேதி!” அவர் தொடையில் தட்டினார். “அட, இவ்வளவுதானா! உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும் அத்தை. அது தீர்ந்துபோச்சு. கரண்டைப் பிடுங்கினதும் இதுக்குத் தேதி மறந்துபோச்சு. அதைத்தான் சொல்லிட்டு நிக்குது.”

அது சொன்ன ‘எஃப் ஒன்று’ விசையை அழுத்தினார்.

“கறுப்பாயிடுச்சு. மறுபடி எழுத்து வருது. என், ஓ. அப்புறம் ஒரு இடம் விட்டு… கம்பு, தொப்பை வலது பக்கம் தள்ளியிருக்கு.”

“பி.”

“உருண்டை, உருண்டை. அப்புறம் சிலுவை.”

மருமகன் அடுத்ததைக் கேட்கவில்லை. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ‘நோ பூட்’, தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்கிறது. ஒருவேளை நகலே சரியாக வரவில்லையோ. பழையதைத் திரும்ப மாட்டினால் அது இன்னொரு தடவை எழுந்திருக்குமா என்பதே சந்தேகம். நாளைக் காலையில் அனுப்ப வேண்டிய விசாரணை பாதியில் நிற்கிறது. அனுப்பவில்லை என்றால் திட்டமாட்டார்கள். அடுத்தமுறை வேலை அனுப்பமாட்டார்கள், அவ்வளவுதான்.

மாமியார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு முகம் இப்படி வாடுவதை இத்தனை கிட்டத்தில் அவர் கண்டதில்லை. மகளானால் தோளில் கை வைத்திருப்பாள். மாமியாருக்கு வாய்தான் இருந்தது.

“மாப்பிள்ளை… உள்ள ஒருவாட்டி திறந்து…” நின்றுவிட்டார். “திறந்து…”

“திறந்து?”

“திறந்து… ஒருவாட்டி திறங்க.”

மருமகன் தலையைச் சாய்த்தார். நாள் முழுவதும் அடுத்தவர் பேச்சைக் கேட்டு எழுதுகிறவர் அவர். மனுஷர் ஒரு சொல்லை விழுங்கினால், விழுங்கிய இடம் அவருக்குத் தெரிந்துவிடும். இத்தனை காலம் இவர் பேச்சை அவர் அப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

“திறந்து பாருங்கன்னு சொல்ல வந்தீங்களா, அத்தை?”

கட்டிலின் ஓரம் கிறீச்சிட்டது. மாமியார் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தச் சொல்லைச் சொன்னா எனக்குக் கஷ்டமா இருக்கும்னு நினைச்சீங்களா?”

“அன்னைக்குக் கதவுல இடிச்சிக்கிட்டீங்களே.” கட்டிலில் கிடந்த துணி ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “பாத்துப் போங்கன்னு நான் சொல்லி வாய் மூடல… நாக்குல சனின்னு நினைச்சேன். அதுலேர்ந்து என்ன பேச எடுத்தாலும் அதுதான் முன்னால வந்து நிக்குது.”

மருமகனுக்கு முதலில் விளங்கவில்லை. கதவா? எந்தக் கதவு? அப்புறம் நினைவு வந்தது. வந்ததும் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அத்தை, நான் தினமும் நியூஸ் பாக்கறேன். கிரிக்கெட் பாக்கறேன். ஆபீஸ் வேலை பாக்கறேன். உங்க பொண்ணை வீட்டுக்கு வந்து பொண்ணு பாத்துட்டுப் போனவனே நான்தான். இந்த ஒரு சொல்லை எனக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டா, நான் எதைத்தான் பேசறது?”

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

“நான் வேற நினைச்சேன்” என்றார் மருமகன், சிரிப்பு அடங்கியதும். “வீட்டோட வந்து உட்கார்ந்துட்டானேன்னு உங்களுக்கு என்மேல ஒரு இது இருக்கும்னு.”

“அட கடவுளே! யாரு சொன்னா அப்படி?”

“யாரும் சொல்லல. யாரும் எதுவும் சொல்லாததுதானே பிரச்சினை.”

மாமியார் எழுந்து பெட்டியின் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார். “சரி, இதைத் திறங்க முதல்ல. திறந்து… திறந்து பாப்போம்.”

கரண்டை அணைத்துவிட்டு மருமகன் தகடைக் கழற்றினார். மாமியார் மெஷின் விளக்கை இழுத்து உள்ளே வெளிச்சம் காட்டினார்.

“எவ்வளவு வயரு! நூல்கண்டைப் பூனை உருட்டின மாதிரி. இந்தச் சிவப்பு வயரு எதுக்கு?”

“எது?”

“அந்தச் சின்ன டப்பாவுக்குப் போறது. விறைச்சுக்கிட்டு நிக்குதே. துணி பத்தாம இழுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. முனையில ஒரு பக்கம் வெளிய வந்துடுச்சு.”

மருமகன் விரலை விட்டுத் தடவினார். உண்மைதான். பழைய டிஸ்க் பெரியது, வயர் அதுவரை எட்டியது. புதியது சின்னது. தகரச் சட்டத்தில் வைத்தபோது அது உள்தள்ளி உட்கார்ந்துவிட்டது. வயர் எட்டியும் எட்டாமலும் இழுத்துக்கொண்டு நிற்க, சொருகியது அரைவாசி கழன்றிருந்தது. மின்சாரம் வரும் வயர் ஒழுங்காக இருந்தது. தகவல் போகும் வயர்தான் இப்படி.

“இடம் மாத்தி வைக்கணும். ஆனா வேற எங்கயும் திருகு போடத் துளை இல்லையே” என்றார்.

“அது அங்கதான் இருக்கணுமா?”

“அப்படியொண்ணும் இல்ல. உள்ள எதுவும் சுத்தாது. ஆடாம அசையாம ஒரு இடத்துல ஒட்டிக்கிட்டு இருந்தாப் போதும்.”

“ஒட்டினாப் போதும்னா, பிரிச்சா சர்ருன்னு சத்தம் வருமே ஒரு பட்டை, பைக்கெல்லாம் தைப்போமே, அது ஆகுமா?”

“வெல்க்ரோவா?”

“பேரு என்னமோ இருக்கட்டும். பின்னால பசை தடவினதாவே வச்சிருக்கேன்.”

மாமியார் தையல் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். கிடைத்த பட்டையை டிஸ்கின் நீளத்துக்கு அளந்து வெட்டினார். அளவு நாடாவெல்லாம் எடுக்கவில்லை, கண்ணாலேயே பார்த்தார். ஒரு துண்டை டிஸ்கின் அடியிலும், இணைத்துண்டைப் பெட்டியின் உள்தகட்டிலும் ஒட்டினார். மருமகன் வயர் தளர்வாக வருகிற இடமாகப் பார்த்து டிஸ்கை வைத்து அழுத்தினார். இரண்டு வயர்களையும் சொருகி, ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துச் சோதித்தார். கழலவில்லை.

“போடட்டுமா?”

“போட்டுப் பாருங்க” என்றார் மாமியார். சொல்லிவிட்டு ஒரு கணம் அவர் முகத்தைக் கவனித்தார். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அவர் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார்.

விசிறி. ‘பீப்’. தேதியைப் பற்றிய அதே புகார். விசையை அழுத்தினார்.

“கறுப்பாயிடுச்சு” என்றார் மாமியார். “எழுத்து எதுவும் வரல. இருங்க, கலர் வருது. ஒரு படம்… ஏதோ சுத்துது. நீலமா ஆயிடுச்சு மாப்பிள்ளை, நிறைய குட்டிக் குட்டிப் படமா…”

அவர் முடிக்கும் முன்பே ஸ்பீக்கரிலிருந்து குரல் பாய்ந்து வந்தது. முன்பெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் குரல் வந்திருக்காது. இப்போது மருமகன் நாற்காலியில் சரியாகச் சாய்ந்து உட்காரக்கூட நேரம் கொடுக்கவில்லை. அவசர அவசரமாகக் கோப்புகளைத் திறந்தார். பாதியில் நின்ற விசாரணை, பழைய பதிவுகள், எழுதி முடித்தவை, எல்லாம் அவை அவை இருந்த இடத்தில் இருந்தன. திற என்றால் உடனே திறந்தன. அவர் இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு பெரிதாக மூச்சு விட்டார்.

“என்ன இது, எண்ணெயில கடுகு பொரியற மாதிரி பேசுது?” என்றார் மாமியார். “இதுதான் உங்க காதுல நாளெல்லாம் ஓடுதா?”

“உங்களுக்காக மெதுவா பேசச் சொல்றேன். ஏதாவது சொல்லுங்க, நான் அடிக்கிறேன். அது திருப்பிச் சொல்லும்.”

“நான் என்னத்தைச் சொல்ல… ஒண்ணுமில்ல.”

அவர் விரல்கள் ஓடின. “நான் என்னத்தைச் சொல்ல, ஒண்ணுமில்ல” என்றது குரல், பெரிய ஆபீஸர் மாதிரி நிறுத்தி நிதானமாக.

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் வெட்கத்தை விட்டுவிட்டு வரிசையாக ஏதேதோ சொல்ல ஆரம்பித்தார். எதிர்வீட்டுக்காரி தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராததைச் சொன்னார். விடுதிப் பிள்ளைகள் பேன்ட்டை எப்படிக் கிழிக்கிறார்கள் என்று சொன்னார். குரல் அத்தனையையும் மரியாதையாகத் திருப்பிச் சொன்னது.

சாயங்காலம் மகள் வந்தபோது மருமகன் மாமியாரின் அறையிலேயே உட்கார்ந்து விசாரணையை எழுதிக்கொண்டிருந்தார், பெடலையும் அங்கேயே கொண்டுவந்து மாட்டியிருந்தார். மாமியார் பக்கத்தில் காலரில் எழுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். டிவி அணைந்திருந்தது. மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

“என்னம்மா நடக்குது இங்க?”

“சும்மா இரு, வேலை பாத்துட்டிருக்காரு” என்றார் அம்மா.

அன்றே மருமகன் விசாரணையை முடித்து அனுப்பினார். மறுநாள் அந்தக் காசு மாதிரி பேட்டரியை வாங்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் தேதியைப் பற்றிப் புகார் படித்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் மேலே நகரும். “நானும் வரேன், எனக்கும் நூல் வாங்கணும்” என்று மாமியார் செருப்பை மாட்டினார். வீட்டில் பெட்டி நிறைய நூல் இருந்தது.

தெருவில் இறங்கியதும் தயங்கினார். “நான் உங்க கையைப் பிடிச்சுக்கணுமா? எப்படி?”

“நீங்க பிடிக்க வேணாம் அத்தை. நான் உங்க முழங்கையைப் பிடிச்சுக்கறேன். நீங்க பாட்டுக்கு நடங்க. படி வந்தா சொல்லுங்க.”

அப்படியே நடந்தார்கள். முதலில் மாமியார் ஒவ்வொரு சின்னக் கல்லுக்கும் நின்று அறிவிப்புக் கொடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் பழகிவிட்டது. கடைத்தெரு அப்போதுதான் விழித்துக்கொண்டிருந்தது. யாரோ வாசலில் தண்ணீர் தெளித்துப் பெருக்கினார்கள். கம்ப்யூட்டர் கடையின் ஷட்டர் இன்னும் மூடியிருந்தது. வாசற்படியில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றார் மாமியார்.

“கேளுங்க.”

“சட்டைக்கு ஏத்த பேன்ட் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறீங்க? ஒருநாளும் மாத்திப் போட்டதில்லையே.”

“துணியைத் தொட்டா தெரியும். ரெண்டு மட்டும் ஒரே மாதிரி இருக்கும். அது வந்தா குத்துமதிப்புதான்.”

“அதுக்கு நான் உள்பக்கம் முடிச்சு ஒண்ணு போட்டுத் தரேன்.” அடுத்த கேள்வி தயாராக இருந்தது. “கனவு வருமா?”

“வரும்.”

“அதுல கண்ணு தெரியுமா?”

இதை அவரிடம் வேறு யாரும் கேட்டதில்லை. மனைவிகூட. அவர் யோசித்தார். “சின்ன வயசு கனவுன்னா தெரியும். எங்க பள்ளிக்கூடத்து மரம், எங்க அம்மா முகம், அதெல்லாம். இப்பத்திய ஆளுங்க வந்தா குரல் மட்டும்தான் வரும்.”

“அப்ப நான் வந்தா?”

“நீங்க இதுவரைக்கும் வந்ததே இல்ல அத்தை. இனிமே வருவீங்கன்னு நினைக்கிறேன்.”

மாமியார் கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. சாப்பாட்டுத் தட்டில் எது எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது, மழை நாளில் தெருச் சத்தம் குழப்பாதா, மகளை முதன்முதலில் எதை வைத்துப் பிடித்துப்போயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார். மருமகன் பதில் சொல்லத் தொடங்கும்போது கடைக்காரர் வந்து சாவிக்கொத்தைக் குலுக்கினார்.

“என்ன சார், காலங்காத்தாலயே? அந்தப் பெட்டி படுத்துடுச்சா?”

“ஓடுது” என்றார் மாமியார், மருமகனுக்கு முன்பாகவே. “நீங்க திறங்க, மெதுவா. நாங்க கொஞ்சம் பேசிட்டிருக்கோம்.”